பதினேழாம் எண் ஜாடி கல்யாணத்துக்குப் போன வியாழக்கிழமை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு என்னைப் புளுகன் என்று திட்டக்கூடாது. காரைக்காலில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கலைப்பொருள் காட்சியறையைப் பார்க்கப் போனேன். பூட்டியிருந்தது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்துவிட்டு, கோட்டுச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உள்ளே என்னென்ன இருக்கும் என்று நானே அடுக்க ஆரம்பித்தேன். ஆகவே இதில் வருகிற பள்ளியும் ஜாடியும் மனிதர்களும் பஸ்ஸில் பிறந்தவர்கள்.

2

முதல் தொடக்கம்: "1955. பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காரைக்காலில், வரலாறு ஒரு பெருமூச்சு..."

சே! வரலாறு எங்கேயாவது பெருமூச்சு விடுமா? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "உத்திராபதி அந்த வாரம் முழுக்கக் காட்சியறைப் பொருள்களை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்."

இது உண்மை. உத்திராபதி டிராயிங் வாத்தியார். வரிச்சிக்குடியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். பள்ளியின் காட்சியறை அவர் பொறுப்பு. வயலில் கிடைத்த முதுமக்கள் தாழி, பச்சை பிடித்த காசுகள், மூக்குடைந்த சிலை, யாரோ ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவனின் தைல ஓவியம் என்று நாற்பத்து மூன்று பொருள்கள். தினமும் காலையில் அவற்றைத் துடைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். பெற்ற பிள்ளைகளைக் கூட அவர் அப்படித் துடைத்ததில்லை என்று அவர் மனைவி சொல்வாளாம்.

புதுச்சேரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த வாரம் ஏதேனும் ஒரு வேலை நாளில் அதிகாரி வருவார். பதிவேட்டில் உள்ள பொருள்களில் ஒன்று குறைந்தாலும் அறையை மூடிவிட்டு, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கலாம். தலைமையாசிரியருக்குப் பெஞ்சு போட இடம் கிடைத்தால் போதும். உத்திராபதிக்கோ அந்த அறைதான் எல்லாமும்.

3

இப்போது கமர் நிஷா வருகிறாள். (முதல் வரைவில் அவளை அழவிட்டிருந்தேன். ஒட்டவில்லை. புருஷன் சிங்கப்பூரில் இருக்க, கடையையும் மூன்று பெண்களையும் தனியாக ஆள்கிறவள் டிராயிங் வாத்தியார் முன்னால் எதற்கு அழப்போகிறாள்?)

புதன்கிழமை சாயங்காலம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பதினேழாம் எண் சீனத்து ஜாடிக்கு எதிரே வந்து நின்றாள்.

"வாத்தியாரே, கெஞ்ச வரலிங்க. சொல்லிட்டு எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். எங்க மாமனார் இதப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கும்போதே சொல்லித்தான் குடுத்தாரு. கல்யாணம்னா ஜாடி வீட்டுக்கு வரும், முடிஞ்சதும் திரும்பிப் போயிரும்னு. நாளைக்கு எங்க ஜொஹராவுக்கு நிக்காஹ். அந்த ஜாடில கலக்குன சர்பத்தக் குடிக்காம எங்க வீட்டு மாப்பிள்ளை ஒருத்தரும் படியேறுனதில்லிங்க."

"ஐயோ, ஆபீசர் வர்றாரும்மா! ஜாடி இல்லன்னா ரூமே போயிரும்."

"நாளைக்கு வியாழக்கிழமைங்க. எந்த ஆபீசர் பள்ளிக்கூடத்துக்கு வருவாரு?"

உத்திராபதி யோசித்தார். அட, ஆமாம்! முகம் மலர்ந்துவிட்டது. தானே ஜாடியைத் துணியில் சுற்றி, ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிவிட்டார்.

* வாசகருக்கு ஒரு சின்னக் குறிப்பு: பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி அந்தப் பள்ளிக்கு வியாழன் விடுமுறை. கொடி மாறியும் அது மாறவில்லை.

4

அதிகாரி சிதம்பரநாதன் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்.

அவர் சென்னையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். வியாழக்கிழமை பள்ளி மூடும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லத் தோன்றவும் இல்லை. உத்திராபதி மட்டும் ஆளில்லாத பள்ளியில் ஆனந்தமாக உட்கார்ந்து, பிரெஞ்சுப் பெயர்ச்சீட்டுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில், "உத்திராபதி விடுதிச் சமையலறைக்கு ஓடி, ஒரு ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து அந்த இடத்தில்..." என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. பையன்கள் நிழலைத் தப்பான பக்கம் போட்டாலே துடித்துப்போகிற மனுஷன், இதைச் செய்வாரா? மாட்டார்.

தவிர, காலையில் சும்மா இருக்கமாட்டாமல் அவர் செய்துவைத்திருந்த காரியம் ஒன்று உண்டு. அதிகாரி அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். காலி இடத்தில் ஓர் அட்டை. முத்து முத்தான எழுத்து:

"17. சீனத்து ஜாடி. கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்துவிடும்."

"என்னய்யா இது?"

"நெசந்தாங்க," என்றார் உத்திராபதி.

"யாரு கல்யாணம்?"

"நம்ம ஜொஹரா கல்யாணங்க."

அதிகாரி பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நடங்க. பாத்துருவோம்."

5

கல்யாண வீட்டில் கமர் நிஷா அசரவில்லை. "வாங்க வாங்க! சாப்புட்டுட்டுத்தான் பேச்சு."

"நான் சைவம். ஜாடிய எடுங்க. அடியில நம்பர் போட்டிருக்கணும், அதப் பாக்கணும்."

ஜாடி பந்தல் நடுவில் இருந்தது. கழுத்துவரை நன்னாரி சர்பத்.

"கவுத்துப் பாக்க முடியாதுங்களே," என்றாள். "குடிச்சுத் தீத்தாத்தான் உண்டு. சர்பத்து சைவந்தானே?"

அரசாங்கச் சோதனை அப்படித்தான் தொடங்கியது. மாப்பிள்ளை குடித்தார். மாப்பிள்ளையின் தோழர்கள் குடித்தார்கள். உத்திராபதி பயத்திலேயே ஐந்து தம்ளர் குடித்தார். அதிகாரி முதல் தம்ளரைக் கடமைக்குக் குடித்தார். நான்காவதை அவரே கேட்டு வாங்கினார். ஜாடி காலியானதும் நாலு பேர் பிடித்துக் கவிழ்த்தார்கள். அடியில் பழைய கறுப்பு மையில் 17. பந்தலே கைதட்டியது.

"சரி," என்றார் அதிகாரி, வாயைத் துடைத்துக்கொண்டு. "இனிமே இது வெளிய வராதில்ல?"

உத்திராபதி கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்குங்க," என்றாள் கமர் நிஷா.

6

அதிகாரி பதிவேட்டைத் திறந்து, குறிப்பு எழுதும் கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தார்.

முதல் முடிவு: "இருக்கிறது" என்று எழுதினார். (சப்பென்று இருக்கிறது. ஜாடி மறுபடி போனால்?)

இரண்டாவது: "இல்லை" என்று... என்னால் முடியவில்லை. ஐந்து தம்ளர் குடித்த மனுஷனுக்கு அந்தக் கொடுமையைச் செய்ய என் கை வரவில்லை.

மூன்றாவது: என்னவோ எழுதினார். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த உத்திராபதி, மாப்பிள்ளையே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அறை பிழைத்தது என்பது வரை எனக்குத் தெரியும். என்ன எழுதினார் என்பது, சத்தியமாக, தெரியாது.

பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு வரிதான் கொள்ளும். எழுதும்போது ஜொஹராவின் இரண்டு தங்கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் கல்யாணம் ஆக வேண்டும்.