எழில் காப்புப் பகுதி

…மூன்றாவது தடவையும் வீடு கட்ட முடியாது என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைக்கலாமே, அதற்கு எதற்கு டோக்கன், எதற்கு இந்த ஆடுகிற இரும்பு நாற்காலி, முதல் தடவை வரைபடம் சரியில்லை என்றார்கள், இரண்டாம் தடவை சாலை அகலம் போதாது என்றார்கள், சாலையை அவரா அகலம் குறைத்துப் போட்டார்? பம்பு மெக்கானிக் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். மகள் கேட்டது இரண்டு அறை, ஒரு சமையலறை, அதற்கு மேல் ஒரு செங்கல் கிடையாது. அவருடைய வீட்டை ஒட்டி அவருடைய பெயரிலேயே கிடக்கிற காலி மனை… அனுமதி கிடைத்தால் நர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று அவளாகத்தானே சொன்னாள்? கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் புருஷனோடு வெளிநாடு. மனைவி போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசுவது ரிப்பேருக்கு வருகிற மோட்டார்களோடுதான், அவையாவது நடுவில் எழுந்து போவதில்லை. ஊரில் இருப்பதே ஆறு வீடு, அதில் மூன்றில் பூட்டு. ஆள் இல்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பஸ் இல்லாத இடத்துக்கு வீடு எதற்கு என்கிறார்கள், வீடு இல்லாமல் ஆள் எங்கிருந்து முளைக்கும், நல்ல நியாயம்டா சாமி…

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் நிமிராமலே சொன்னாள். “ஐயா, உங்க ஊர் எழில் காப்புப் பகுதில வருது. புது வீடு எதுவும் கட்ட முடியாது.”

“எதும்மா எழில்? அந்த முள்ளுச்செடியா?”

“எனக்கென்ன தெரியும், ஊர்க்காரங்க எழுதிக் குடுத்ததை வெச்சுத்தான் அப்படிக் குறிச்சிருக்காங்க. நீங்களே பாருங்க” என்று ஃபைலைத் திருப்பி வைத்தாள். கோடு போட்ட தாள், உருண்டை உருண்டையாக அழகான எழுத்து, அடியில் அவருடைய கையெழுத்து. பதினோரு வருஷம் ஆகிறது… தம்பி வீடு கட்ட மனுப் போட்டிருந்தான், கட்டிக்கொள்ளட்டும், ஆனால் அண்ணன் என்று ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கிறபோது ஒரு வார்த்தை கேட்டானா? அந்த வீம்பில்தான் எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டு ஆட்சேப மனு எழுத உட்காரவைத்து, ‘இவன் வீடு வந்தா ஊரே அடைஞ்சு போயிடும்’னு எழுது என்றார். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “அடைஞ்சுன்னா நல்லாவே இல்லப்பா, வெட்டவெளியின் எழில் கெடும்னு போடட்டா? கட்டுரைல அப்படித்தான் எழுதுவோம்.” என்ன பெருமை அவருக்கு, என் மகள் தமிழைப் பார் என்று! தம்பி மனு தள்ளுபடியானது, அவன் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு போனான், சட்டம் விடவில்லை, நான் என்ன செய்ய என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெட்கம்கெட்டவன்… சட்டத்தை எழுதிக் கொடுத்ததே அவர்தான். பதின்மூன்று வயசுப் பிள்ளை பரீட்சைக்குப் படித்த ஒரு சொல்லை இந்தப் படித்த மேதாவிகள் நிஜமென்று எடுத்துக்கொண்டு வரைபடத்தில் பச்சை மை பூசியிருக்கிறார்கள், ஒருத்தனாவது வந்து பார்த்தானா?

படிக்கட்டில் இறங்கும்போதே போன் அடித்தது, அவள்தான். என்ன சொல்வது, நீ எழுதியதுதான் உன் தலையில் விடிந்தது என்றா, அது பிள்ளை செய்த குற்றமா, நான் சொல்லி எழுதியது… அவள் தாங்க மாட்டாள், வேண்டாம். “தண்ணி வசதி பத்தலைன்னுட்டாங்கம்மா” என்றார்.

“எழில்னு சொல்லலையாப்பா?”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “உனக்கு எப்படி…”

“முதல் மனு போடறதுக்கு முன்னாடியே அந்த ஃபைலைப் பாத்துட்டேன்பா.”

“பின்ன எதுக்கும்மா மூணு தடவ?”

“இங்கேயே வந்துடுன்னு நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே” என்றாள், கோபமில்லாமல், நோயாளியிடம் பேசுவது போல. பிள்ளை அழுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அவர் அங்கேயே நின்றார். வரத்தான் நினைத்தாளா, எப்படியாவது நடந்துவிடாதா என்றுதான் மனுப் போடவைத்தாளா, இல்லை, வர முடியாது என்பதை அப்பாவிடம் தன் வாயால் சொல்லாமல் அரசாங்கத்தை விட்டுச் சொல்லவைத்தாளா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.