ஷட்டர் சாவி

கிழக்கு வெளுக்கும்போதே காசிமாயன் குழாய்க்குள் நுழைந்துவிட்டான். ஏழடி அகல இரும்புக் குழாய். மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அரை மைல் சரிந்து இறங்கி, அடிவாரத்துப் பவர் ஹவுஸில் முடிகிறது. நாற்பது வருடம் அதன் வழியே பாய்ந்த தண்ணீர்தான் எந்திரங்களைச் சுழற்றியது. இப்போது அந்தக் கிழட்டு எந்திரங்களைக் கழற்றிப் போட்டுப் புதுப்பிக்கிறார்கள். சித்திரைக்குள் ஓட வேண்டும் என்று கெடு.

குழாயின் உள்சுவரில் விரல் தடிமனுக்குத் துரு. சுத்தியலால் கொத்தி, கம்பி பிரஷால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை சுரண்ட வேண்டும். சரிவில் வழுக்காமல் பிடித்துக்கொள்ள மேலிருந்து ஒரு கயிறு தொங்கியது. ஒருவன் அடித்தால் குழாய் முழுக்க அதிரும். பதினாறு பேர் அடித்தால் மண்டைக்குள் அடிப்பதுபோலிருக்கும். காறித் துப்பினால் எச்சில் சிவப்பாக விழும். உதிர்ந்த துருவை வள்ளியாத்தாளும் மற்றப் பெண்களும் சட்டியில் அள்ளி, ஆள் நுழையும் துவாரம் வழியே வெளியே கொட்டினார்கள்.

எல்லோரும் திருப்பூரிலிருந்து வந்தவர்கள். அந்த வருடம், தொண்ணூற்று மூன்றில், மின்வெட்டால் சாயப்பட்டறைகளும் பனியன் கம்பெனிகளும் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தன. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த காசிமாயன் வேலை பார்த்த பட்டறையும் அப்படித்தான் மூடியது. கான்ட்ராக்டர் அர்த்தநாரியின் வேனில் ஏறி மலையடிவாரத்துக்கு வந்துவிட்டான்.

மேலே தொட்டியின் வாயை ஓர் இரும்பு ஷட்டர் அடைத்திருந்தது. அதன் பக்கத்தில் டெலிபோனோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் வீரபாண்டிக்காரர் வெள்ளையன். கீழே ஆள் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் சக்கரத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. போன வாரம் அர்த்தநாரி அவரையும் கீழே இறக்கிவிட்டார்.

"சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஒரு ஆளாங்க? அவரும் நாலு அடி சொரண்டட்டும்."

அன்று ஏழு மணி இருக்கும். முதலில் காற்றுதான் வந்தது. பாசி நாற்றமடிக்கும் சில்லென்ற காற்று, மேலிருந்து. காசிமாயன் சுத்தியலை நிறுத்தினான். பிறகு தண்ணீரின் சத்தம் வந்தது.

"கயித்தப் பிடிங்க. எல்லாரும் கயித்தப் பிடிங்க" என்று காசிமாயன் கத்தினான்.

முழங்காலளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்தச் சரிவில் அது யானை முட்டியதுபோல முட்டியது. பிடித்தவர்கள் தொங்கினார்கள். வெள்ளையனின் கை கயிற்றை எட்டவில்லை. அவர் காசிமாயனின் காலை உரசிக்கொண்டு இருட்டுக்குள் போனார்.

மேலே, சக்கரத்துக்கு கிரீஸ் போட வந்த இருவர், சுற்றுகிறதா என்று திறந்து பார்த்திருக்கிறார்கள். குழாய்க்குள் ஆள் இருப்பதை அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. பார்த்துவிட்டு அவர்களே மூடியதால் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

நாற்பதடி கீழே வெள்ளையன் கிடந்தார். வலது தொடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது. அவர் கத்தவில்லை. "தண்ணி நின்னுருச்சா?" என்று மட்டும் கேட்டார். ஃபிட்டர் பசீர் அகமது தன் லுங்கியைக் கிழித்துக் கட்டுப் போட்டு, வேனில் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மதியம் அர்த்தநாரியின் ஜீப் வந்தது. மீதிப் பதினைந்து பேரும் பெண்களும் குழாய்க்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"வெள்ளையனுக்கு வைத்தியம் நான் பாத்துக்கறேன். எந்திரிங்க கண்ணுகளா, வேலை கெடக்குது."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த பசீர் எழுந்தார். "ஷட்டருக்குப் பூட்டுப் போடோணுங்க. சாவி எங்க ஆளுகிட்ட இருக்கோணும். அவரு மேலயே உக்காந்திருக்கோணும். அதுவரைக்கும் உள்ள போறதில்லீங்க."

"சாவிய உங்ககிட்டக் குடுத்துட்டு நான் என்ன பண்றதுங்க பாய்?"

"நீங்க கீழதான இருக்கீங்க. செத்தா நாங்கதானுங்க."

அர்த்தநாரி காசிமாயனைப் பார்த்தார். "ஏப்பா, உன் சம்சாரம் பனியன் கம்பெனிலதான இருக்குது? இங்க லேட்டானா அங்க கரண்ட் வராது. ஊட்ல அடுப்பெரிய வேண்டாமா?"

மனைவி ஒச்சாயி மூன்று நாளாக வேலையில்லாமல் இருப்பது காசிமாயனுக்குத் தெரியும்.

"கரண்டு வேணும்ங்கய்யா. அதப் பாக்க ஆளும் உசுரோட வேணும்ல."

"சரி, உக்காந்துக்குங்க. திருப்பூர்ல மண்ணரைப் பக்கம் ஆயிரம் பேரு சும்மா இருக்கறாங்க. நாளைக்கு வேன் வரும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் வந்தது, பின்னாலேயே அர்த்தநாரியின் ஜீப்பும். அதற்குள் காசிமாயனின் கூட்டத்தில் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். மீதிப் பேர் துவாரத்தை மறைத்து உட்கார்ந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய பதினெட்டுப் பேர் கையிலும் புதுச் சுத்தியல். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு சொல் தவறினால் சுத்தியல்கள் வேறு வேலைக்குப் போய்விடும் என்று காசிமாயனுக்குத் தோன்றியது.

புது ஆட்களில் முன்னால் நின்றவர் ஹிதாயத்துல்லா. பனியன் துணி பின்னும் மிஷினில் வேலை பார்த்தவர். "வழி விடுங்கப்பா. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குது."

வள்ளியாத்தாள் நகர்ந்து இடம்விட்டாள். "நீங்க ஒருத்தரு மட்டும் உள்ள போயிப் பாத்துட்டு வாங்க. அப்பறமும் வேலை செய்யறேன்னா நாங்க தடுக்கலீங்க."

காசிமாயன் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். வெள்ளையன் கிடந்த இடத்தைக் காட்டினான். துருவில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஷட்டரின் கிழிந்த ரப்பர் வழியே கசிந்த தண்ணீர் அவர்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஹிதாயத்துல்லா குனிந்து அதைத் தொட்டார். மேலே நிமிர்ந்து இருட்டையே வெகுநேரம் பார்த்தார்.

வெளியே வந்தவர் நேரே அர்த்தநாரியிடம் போனார்.

"மேல யாருங்க நிக்கறாங்க?"

"அதெல்லாம் ஆளு போடுவோம்."

"இப்ப யாருங்க நிக்கறாங்க?"

ஹிதாயத்துல்லா சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு பசீரின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக இன்னும் பதின்மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நாலு பேர் மட்டும் வேனில் திரும்ப ஏறி, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போலீஸோட வர்றேன்" என்றார் அர்த்தநாரி.

"வாங்க" என்றார் பசீர். "கூடவே இன்ஜினியரையும் கூட்டியாங்க. அவரும் ஒருக்கா உள்ள போயிப் பாக்கட்டும்."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஹிதாயத்துல்லா காசிமாயனிடம் பீடிக்கட்டை நீட்டினார்.

வெயில் ஏறியது. வேனின் கதவு திறந்தது. உள்ளே இருந்த நாலு பேரில் இருவர் இறங்கித் தயங்கி நின்றார்கள்.

வள்ளியாத்தாள் பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "நெருக்கி உக்காருங்க" என்றாள். "ஆளு வருது."