ஸக்கியா மச்சியின் ஐந்து விரல்

கிட்ட வாங்க பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட. கால் மரத்துப் போனவங்க நீட்டிக்கோங்க, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் பசியோடு யாரும் உட்காராதீங்க. இது சோற்றுக் கதை, நடுவில் எழுந்து அடுப்படிக்கு ஓட வேண்டிவரும். கைக்கெட்டிய சோற்றைப் பறிகொடுத்த ஒருத்தியையும், அதைப் பறித்தவள் பட்ட பாட்டையும் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கெலிஓயாவில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஹலீமின் மிளகு, கராம்புக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்கு மேலே ஓர் அறை. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை முகத்துக்கு நேரே வந்து நிற்கும். திறக்கத்தான் வழியில்லை, ஜன்னல் உயரத்துக்கு மிளகு மூட்டை. இருபத்துநாலு வருசமாக அந்த மலையைப் பார்க்கும் பாக்கியம் மூட்டைகளுக்குத்தான் கிடைத்திருந்தது.

ஹலீமின் மனைவி கைரியாவுக்கு அந்த அறைமேல் ஒரு கண். எம்பக்கே கோயிலைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள், வீட்டையே கட்டி முதுகில் ஏற்றியவர்கள்போல வந்து, தங்க இடமிருக்கிறதா என்று ஆட்டோக்காரர்களிடம் கேட்பதை அவள் கடை வாசலில் நின்று பலமுறை பார்த்திருக்கிறாள்.

"நஸீபுட வாப்பா, மேல் அறைய எனக்குத் தாங்க. ஒரு கட்டில், ஒரு மேசை போட்டா ஆக்கள் வந்து தங்குவாங்க" என்று மகன் பெயரைச் சொல்லிப் புருசனிடம் கேட்டாள்.

"உங்களுக்கு எனத்த தெரியும்? வெள்ளக்காரன் காலையில முட்டைய எப்பிடிக் கேப்பான் என்டு தெரியுமா?" என்றார் ஹலீம். "ஒரு சேர்டிபிகட்ட எடுத்துட்டு வந்து காட்டுங்க. அண்டைக்கே மூட்டைய எறக்குறேன். நானே, என்ட தோள்லயே."

அந்த நேரம் பார்த்துக் கடையில் நின்றவர் அடுத்த வீட்டுச் சேதுராமன். மாநகர சபையில் முப்பது வருசம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருக்குள் இருந்த கிளார்க் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"ஹலீம் நானா, நான் சாட்சி. 'நானே' என்ற சொல்லையும் குறிச்சுக்கிட்டேன்" என்றார். அவங்கட பக்கம் நானா என்றால் அண்ணன்.

ஹலீம் சிரித்தார். நாற்பத்தாறு வயசுக்காரி, ஓ.எல். சோதனைக் கணக்குப் பாடத்தோடு கோபித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டவள், இனி எந்த வகுப்புக்குப் போவாள்? போகாமலே படிக்கிற படிப்பு ஒன்று உலகத்தில் வந்துவிட்டது அந்த மனுசனுக்குத் தெரியாது. கட்டாரில் இருந்த மகன் நஸீப் போனிலேயே தேடிப் பிடித்து உம்மாவைச் சேர்த்துவிட்டான். விருந்தோம்பல் துறைக்கான அறிமுகப் படிப்பு, ஆறு மாதம். புத்தகம் தபாலில் வரும், வகுப்பு போனில் நடக்கும், கடைசிச் சோதனையும் போனில்தான்.

புத்தகம் வந்தது. எந்த மொழியிலிருந்து யார் தமிழாக்கினாரோ தெரியாது. ஒரு விருந்தாளிக்கு ஒரு கோப்பை பிளேன்டீகூட ஊற்றிக் கொடுக்காத ஆள் என்பது மட்டும் தெரிந்தது. 'விருந்தினரைக் கண்டதும் மேல்வரிசைப் பற்கள் எட்டும் புலப்படுமாறு புன்னகைக்குக' என்று முதல் பாடம். கைரியா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வாரம் பல்லைக் காட்டினாள். மிளகு கொண்டுவந்த ஒரு மனுசர் அந்தச் சிரிப்பை எதிர்பாராமல் பார்த்துவிட்டு, மூட்டையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சேதுராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணினார். "தங்கச்சி, எனக்கு ஏழுதான் தெரியுது."

"எட்டாவத போன வருசம் புடுங்கிட்டாங்க அண்ணன்."

"அப்ப அதைத் தனியா ஒரு கடிதமா எழுதி அனுப்பிருங்க. பின்னாடி பிரச்சினை வரக்கூடாது."

அடுத்தது கட்டில் விரிக்கும் பாடம். விரிப்பின் நான்கு மூலைகளையும் கடித உறைபோல மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, நெய்ச்சோறு சாப்பிட்டு, ஹலீம் அந்தக் கட்டிலிலேயே கட்டைபோல் கிடந்தார். எழுப்பினால் சண்டை வரும். கைரியா அவரோடு சேர்த்தே கட்டிலை விரித்தாள். விழித்தபோது அவரால் கையை அசைக்க முடியவில்லை, காலை அசைக்க முடியவில்லை.

"கைரியா! என்னய எனத்துக்கு மய்யித்து மாதிரி சுத்தி வெச்சீக்கீங்க? நான் இன்னும் மவுத்தாகல்ல!"

போட்டோவுக்குப் பதில் மறுநாள் வந்தது: 'மூலைகள் மிக நன்று. விருந்தினரைக் கட்டிலிலிருந்து அகற்றிய பின் மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. கட்டிலில் அழகுக்கு வைக்கத் துவாயை, அதுதான் குளியல் துண்டை, மடித்து அன்னம் செய்தாள், அது ஆடாக வந்தது. ஆடு செய்தால் அன்னம் வருமோ என்று அதையும் செய்து பார்த்தாள். ஆனாலும் ஒவ்வொரு பாடமும் தேறிக்கொண்டே வந்தது. ஹலீமின் சிரிப்பு மட்டும் மாதத்துக்கு ஒரு பல்லாகக் குறைந்தது.

கடைசிச் சோதனைதான் சிக்கல். மூன்று விருந்தாளிகளை மேசையில் இருத்தி, முள்ளுக்கரண்டி, கத்தி சகிதம் சூப், சோறு, இனிப்புக்கு வட்டிலப்பம் என்று வரிசையாகப் பரிமாற வேண்டும். கொழும்பிலிருந்து கிருஷாந்தி மிஸ் போனில் பார்த்துப் புள்ளி போடுவார். அதற்குப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் ஒரு விதி இருந்தது: 'விருந்தினர் போதும் என்றபின் ஒரு கரண்டியும் பரிமாறலாகாது. அவரது தட்டை வலப்புறமாக, ஓசையின்றி அகற்றுக.'

கைரியா மூன்று தரம் வாசித்தாள். உங்களுக்கே தெரியும் பிள்ளைகளே, கைரியாவைப் போன்றவங்கட வீடுகளில் 'போதும்' என்பது நிறுத்தச் சொல்லும் சொல் அல்ல, மரியாதைக்குச் சொல்லும் சொல். நல்ல குடும்பத்து விருந்தாளி இரண்டாவது கரண்டியிலேயே 'போதும்' என்பார். வைக்கிறவள் கேட்காமல் இன்னும் வைப்பாள். அவர் 'ஐயோ' என்பார், அவள் அதற்கும் சேர்த்து வைப்பாள். முதல் 'போதும்' சொன்னதும் கரண்டியைக் கீழே போடுகிறவளை ஊர் ஏழு வருசம் பேசும்.

ஆனாலும் விதி விதிதானே. இரண்டு வாரம் ஹலீமை வைத்தே பழகினாள். பழக்கத்தில் 'போதும்' என்று வாய்விட்ட ஹலீமின் பீங்கான் தட்டு நாலு பகல் பறிபோனது. ஐந்தாம் நாள் அவர் இரண்டு கையாலும் பீங்கானை அணைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் சாப்பிடப் பழகிவிட்டார்.

சோதனை நாள் காலையில், வெற்றிலை போட்டபடி ஹலீம் சொன்னார்: "நான், சேதுராமன் அண்ணன். மூணாவதுக்குத் தாத்தாவ வரச் செல்லியீக்கேன்."

கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், மீசையைத் தேடாதீங்க. ஹலீமின் அக்கா ஸக்கியா, கைரியாவுக்கு மச்சி. குண்டசாலையில் இருக்கிறவ. இருபத்துநாலு வருசமாக மச்சியும் கைரியாவும் ஓர் அறையில் பத்து நிமிசம் சேர்ந்தாற்போல் சமாதானமாக இருந்ததில்லை. ஹலீமுக்கு அது தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார். மூட்டை இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டுமே! கைரியாவுக்கும் விளங்கியது. ஏழு பல்லையும் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நண்பகல். சீனி டின்னில் சாய்த்து வைத்த போனில் கிருஷாந்தி மிஸ் தோன்றினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, சிரிக்காத முகம். "ஓம் அம்மா, துவங்குவம்" என்றார்.

சூப் நல்லபடியாகப் போனது. சேதுராமன் அதைக் கோப்புக்குக் கையெழுத்துப் போடுவதுபோல் நிதானமாகக் குடித்தார். அடுத்து நெய்ச்சோறும் கோழிக்கறியும். கைரியா இடப்பக்கமாக நின்று ஸக்கியா மச்சிக்கு இரண்டு கரண்டி வைத்தாள்.

"போதும் போதும்" என்றா மச்சி. முறைப்படி கையை நீட்டிப் பீங்கானை மூடினா.

கைரியா வலப்பக்கம் போனாள். ஓசையின்றி, அழகாக, பீங்கானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேசையில் வெறும் துணி. மச்சியின் கை இன்னும் அந்தரத்தில் நின்றது. மறு கையில் முள்ளுக்கரண்டி, அதன் நுனியில் ஒரே ஒரு முந்திரிப் பருப்பு.

"பறிச்சிட்டாளே!" என்று எழுந்தா மச்சி. கதிரை பின்னால் விழுந்தது. "வாய்க்குள்ள ஒரு பிடி போக முந்திப் பறிச்சிட்டாளேடா ஹலீம்! விருந்து என்டு செல்லினியே! ஒரு பிளேன்டீயோட ரெண்டு பஸ் மாறி வந்தேனே!"

ஹலீம் முகத்தைக் கைதுடைக்கும் துணியால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, அழுகையில் இல்லை. கைரியா பீங்கானோடு அடுப்படி வாசலில் நின்றாள். அவள் கண்ணுக்குள் மேல் அறை ஜன்னலை ஒவ்வொரு மூட்டையாக வந்து மறுபடி அடைத்தது. விதிப்படி செய்தேன் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் கடைசிப் பாடம் ஞாபகம் வந்தது. கோபப்பட்ட விருந்தாளியை இடையில் மறிக்காதே. 'ஆனால்' என்ற சொல்லை எடுக்காதே. மன்னிப்புக் கேள். பிறகு என்ன வேண்டும் என்று கேள்.

பீங்கானை வைத்துவிட்டு வந்து மச்சியின் முன்னால் நின்றாள். "நீங்க செல்லுங்க மச்சி, நான் கேக்குறேன்."

இருபத்துநாலு வருசத்தில் முதல் தடவையாக ஸக்கியா மச்சிக்கு மறுபேச்சில்லாத மைதானம் கிடைத்தது. விடுவாவா?

"உன்ட கலியாணத்தண்டைக்கு, ஆறு பேர் சுத்தி இருந்த சஹன் தட்டுல கோழிக்கால் எல்லாத்தையும் உன்ட உம்மாட பக்கம் திருப்பி வெச்சது யாரு?"

"மன்னிச்சுக்கோங்க மச்சி."

"நஸீபுட சுன்னத்துக்கு ஊருக்கெல்லாம் கார்ட்டு, எனக்கு மட்டும் போன்ல செல்லினீங்களே!"

"மன்னிச்சுக்கோங்க."

"என்ட நோம்புக் கஞ்சி உப்பு என்டு ஊரெல்லாம் செல்லித் திரிஞ்சியா இல்லியா?"

கஞ்சி உப்புத்தான். நோன்பு திறந்தவர்கள் அதைக் குடித்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் தேடியது ஊருக்கே தெரியும். 'ஆனா மச்சி' என்பது கைரியாவின் பல் இல்லாத சந்துவரை வந்தது. விழுங்கினாள். மிளகாய் விழுங்கியதுபோல் இறங்கியது.

"மன்னிச்சுக்கோங்க மச்சி. இந்த வீட்டுக்கு வந்து நீங்க மனசு நொந்து போகப்படாது. இப்ப நான் எனத்த செஞ்சா உங்களுக்குச் சரியாகும்?"

மச்சி தன்னிடம்தான் கேட்கிறாளா என்று பக்கத்தில் பார்த்தா. அப்படி ஒரு கேள்வியை அந்தக் குடும்பத்தில் யாரும் அவவிடம் கேட்டதில்லை. சேதுராமன் எழுந்து கதிரையை நிமிர்த்தி வைத்தார். மச்சி உட்கார்ந்து, சன்னமான குரலில் சொன்னா:

"சோறு வை."

"கோழிக்கால்?"

"அதையும்தான் கேக்குறேன்."

புதுப் பீங்கானில் சோறு வந்தது, இரண்டு காலோடு. இரண்டாவது கரண்டியிலேயே வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "போதும் போதும்" என்று மச்சி கையை நீட்டினா.

"போதும் என்டு செல்லிட்டாங்க! மிஸ், பாத்துக்கோங்க!" என்று ஹலீம் துள்ளினார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. கைரியா மச்சியின் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஐந்து விரலும் தென்னோலைபோல் விரிந்திருந்தன. முதல் தடவையும் அப்படித்தானே விரிந்திருந்தன! பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு, புத்தகத்தைப் பார்த்ததில் மறந்து போயிற்று. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவால் சோற்றை இறக்கினாள். "ஐயோ" என்றா மச்சி, விரலைச் சேர்க்காமல். இன்னொரு கரண்டி. பிறகும் ஒன்று. அதற்குப் பிறகு நீண்ட கையில் ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கைரியா நிறுத்தினாள். மச்சி சாப்பிட்டு முடித்ததும் வலப்பக்கமாக, ஓசையின்றிப் பீங்கானை எடுத்தாள்.

"ஒரு நிமிசம் அம்மா" என்றார் கிருஷாந்தி மிஸ். "அவ போதும் எண்டு சொன்னவ. நீங்கள் பிறகும் போட்டனீங்கள். ஏன்?"

"விரல் விரிஞ்சிருந்திச்சு மிஸ்."

"புத்தகத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே?"

"புத்தகம் எழுதினவர் எங்கட வீட்டுல சாப்பிட்டதில்ல மிஸ்."

மிஸ் குனிந்து எதையோ எழுதினார். நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "கடைசிப் பகுதி முறைப்பாடு, கோபப்பட்டு வாற விருந்தாளியைச் சமாளிக்கிறது. கட்டிலில மூட்டைப்பூச்சி எண்டு ஒராள் நடிக்கிறதுக்குத் தாள் எழுதி வைச்சிருந்தனான். இனி அது தேவையில்லை. முடிவு தபாலில வரும்."

"அவ எனத்த செல்றா?" என்று கேட்டா மச்சி, வட்டிலப்பத்தை இழுத்துக்கொண்டே.

"மூட்டப்பூச்சிக்குப் பதிலா உங்கள எடுத்துக்கிட்டாங்களாம் தாத்தா" என்றார் ஹலீம்.

ஐந்து வாரத்தில் தபால் வந்தது. பரிமாறலில் மயிரிழையில் தேறியிருந்தாள். முறைப்பாட்டைத் தீர்த்ததில் அந்த முறை படித்த எல்லாரையும்விடக் கூடிய புள்ளி. ஹலீம் சேர்டிபிகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அதற்குள் சேதுராமன் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"'நானே' என்ற சொல் இதுல இருக்கு, ஹலீம் நானா. திகதியும் இருக்கு."

பத்தொன்பது மூட்டை. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'யா அல்லாஹ்'. பத்தாவது மூட்டையில் கைரியாவுக்கு மனசு கேட்கவில்லை, ஒரு கை கொடுக்கப் போனாள். சேதுராமன் காகிதத்தை விரித்துக் காட்டினார். விட்டுவிட்டாள். கடைசி மூட்டையும் இறங்கியதும் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். மிளகுத் தூள் பறந்து மூன்று பேரும் தும்மினார்கள். தும்மி முடித்துப் பார்த்தால் மலை.

ஹலீம் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குக் கிட்டப் போனார். "இது இங்கயா ஈந்திச்சு இவ்வளவு காலமும்?"

முதல் விருந்தாளி வந்தது அடுத்த வாரம். வெள்ளைக்காரர் இல்லை. கையில் பையோடு, இரண்டு பஸ் மாறி, ஸக்கியா மச்சி. கட்டிலை அமுக்கிப் பார்த்து, தலையணையை மோந்து, மிளகு மணக்கிறது என்று ஒரு முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு, "ஒரு நாள்தான் நிப்பேன். ஒரு நாள் போதும்" என்று கையைத் தூக்கிக் காட்டினா.

கைரியா அந்தக் கையைப் பார்த்தாள். போய் இன்னும் நாலு துவாய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

உங்கள் வீட்டுப் பானைக்கு அடி தெரியாமல் இருக்கட்டும் பிள்ளைகளே. உங்கள் வாசலுக்கு வருகிறவர்களின் விரல் பசியில் விரிந்து, நிறைவில் சேரட்டும். கோபித்துக்கொண்டு போன சொந்தம் இரண்டு பஸ் மாறியாவது திரும்பி வரட்டும், வரும்போது அவர்களுக்கென்று ஒரு கோழிக்காலை ஆண்டவன் உங்கள் சட்டியில் மிச்சம் வைத்திருக்கட்டும்.