ஐம்பத்திநாலோ, இருபத்தேழோ

எங்கள் மகள் அனோஜாவுக்கு மூன்று வயது. அதற்குள் அவளுடைய கிளினிக் கொப்பி இரண்டு முடிந்து மூன்றாவது நடக்கிறது. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து மாதம் ஒரு தடிமன். தடிமன் போனால் இருமல். இருமல் போனால் மூச்சு முட்டு. முட்டு வந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்துகிற மாதிரிச் சத்தம். நான் முள்ளியவளையில் நெல்லு மில்லில் மூட்டை தூக்குகிறவன். நூறு மூட்டை தூக்கின நாளிலும் என் நெஞ்சு அப்படிக் கத்தியதில்லை. இந்தச் சின்ன நெஞ்சு எதைத் தூக்கிவிட்டு இப்படிக் கத்துகிறதோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் எங்களைத் தெரியாத ஆள் இல்லை. முட்டுக்காக நான்கு தரம் வாட்டில் மறித்து வைத்தார்கள். அதெல்லாம் நியாயமான போக்கு. நியாயமில்லாத போக்கும் உண்டு. ஒருநாள் பிள்ளை சிவப்பாக மூத்திரம் போய்விட்டாள். மில்லில் நின்ற கோலத்தோடு, தலையெல்லாம் உமித் தூசியோடு, தூக்கிக்கொண்டு ஓடினேன். டொக்டரம்மா ஆறுதலாகக் கேட்டா, "நேற்று என்ன சாப்பிட்டவா?" என் மனிசி தாட்சாயினி முகட்டைப் பார்த்தாள். பீற்றூட் கறி. இன்னொரு நாள் உதடு நீலம். விசாரித்தால் நீல ஐஸ்பழம். மூன்றாவது தரம் எவ்வளவு கூப்பிட்டும் எழும்பவில்லை என்று அலறியடித்துக் கொண்டு போனோம். வாசலில் யாரோ "ஊசி" என்றார்கள். பிள்ளை என் தோளிலிருந்து குதித்து ஓடியே விட்டாள்.

அன்றிலிருந்து அங்கே வாசலில் நோயாளருக்குத் துண்டு எழுதுகிற ஐயா எனக்குப் பெயர் வைத்துவிட்டார். பீற்றூட் அப்பா.

டொக்டரம்மா நல்லவ. ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் ஐந்து வரி எழுதித் தந்தா. நிமிடத்துக்கு மூச்சு நாற்பதுக்கு மேல். விலாவுக்குக் கீழே குழி. குடிக்க மாட்டாமல் இருத்தல். நிறம் மாறுதல். சோர்ந்து மயங்குதல். "இதில ஒண்டு இருந்தாலும் உடன வாங்கோ. ஒண்டும் இல்லாட்டி முட்டுக்குத் தந்த பம்ப்பை அடிச்சுப்போட்டு வீட்டில பாருங்கோ. சந்தேகமெண்டாலும் வாங்கோ, நான் சிரிக்க மாட்டன்" என்றா.

சோற்றுப் பசை போட்டு அதைக் கதவில் ஒட்டினேன். முப்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். கதவைத் தாண்டும்போதெல்லாம் ஒருதரம் வாசிப்பேன். இப்போது இருட்டில் கேட்டாலும் சொல்வேன்.

தாட்சாயினி வேறு சபதம் எடுத்தாள். "கடதாசியில உள்ளது இருந்தால்தான் இனி ஆஸ்பத்திரிக்கெண்டு படலையைத் திறப்பன். அந்தத் துண்டு எழுதுற மனுசன் இனியொருக்கா எனக்குப் பல்லைக் காட்டக்கூடாது."

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தேன். பிள்ளை பாயில் படுத்திருந்தாள். காலையில் காய்ச்சலும் இருமலும் என்று முன்பள்ளிக்கு விடவில்லை.

"மூச்சை எண்ணினனீரோ?" என்றேன்.

"ஓம். பத்து மணிக்கும் எண்ணினனான், இப்பவும் எண்ணினனான். இருபத்தேழு. இருந்து சாப்பிடுங்கோ."

இருபத்தேழு என்றால் நல்ல கணக்கு. நாற்பதுக்கு எவ்வளவோ கீழே. சந்தோசமாகச் சோற்றில் கை வைத்தேன். இரண்டாவது வாய் வைக்கும்போது கண் பிள்ளையின் வயிற்றுக்குப் போனது. மில் பெல்ட் மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சாரும், இதுவோ இருபத்தேழு?"

"ரெண்டு தரம் எண்ணினனான் எண்டு சொல்லுறன். பேசாமல் சாப்பிடுங்கோ."

கையைக் கழுவிவிட்டு வந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நானே எண்ணினேன். ஐம்பத்திநாலு.

"நீங்கள் மூட்டை எண்ணுற ஆள் எல்லே," என்றாள். "கூட்டித்தான் எண்ணுவியள்."

"ஒரு மூட்டை கூட்டி எண்ணிப் பாரும், முதலாளி என்னைத் தூக்கி லொறியில போட்டிடுவார். நான் எண்ணினால் எண்ணினதுதான்."

"அப்ப நான் எண்ணத் தெரியாதவளோ? பத்து வயதில இருந்து கிடுகு எண்ணுறன்."

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவம்."

சேர்ந்து எண்ணினோம், வாய்விட்டு. நான் இருபது என்னும்போது அவள் பத்து என்றாள். அவளுடைய பத்து என் இருபதைக் குழப்பியது. என் சத்தம் அவளுடையதைக் குழப்பியது. "மெல்லமா எண்ணுங்கோ!" "நீர் ஏன் இப்பிடி ஆமை மாதிரி எண்ணுறீர்!" பிள்ளைக்கு இது பெரிய புதினம். தன்னைப் பார்த்துத்தான் இந்த ஆரவாரம் என்று விளங்கிவிட்டது. கன்னம் இரண்டையும் ஊதிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் எண்ணாமல் வாயைப் பிளந்து நின்றோம். பிறகு புஸ் என்று விட்டாள்.

"அப்பா... இப்ப... எண்ணுங்கோ," என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்து முடிய முன்னம்தான் உறைத்தது. நேற்றுவரைக்கும் ஒரே மூச்சில் ஒன்பது கேள்வி கேட்கிற பிள்ளை, மூன்று சொல்லை மூன்று துண்டாகச் சொல்கிறாள்.

அப்போதுதான் பக்கத்து வளவு நிரஞ்சன் வேலிக்கு மேலால் தலையை நீட்டினான். ஓட்டோ ஓடுகிறவன். பகிடி இல்லாமல் வாய் திறக்க மாட்டான்.

"என்னண்ணை, ஏலமோ? ஐம்பத்திநாலு எண்டு ஒருதர், இருபத்தேழு எண்டு ஒருதர். கோயில் மாம்பழ ஏலத்தில கூட இவ்வளவு சத்தம் இல்லை. நான் முப்பது தாறன்."

"பகிடியை விட்டிட்டு இஞ்ச வாடாப்பா," என்றேன். "உன்ரை போனில நிமிசம் பிடி. ஆர் சரியெண்டு நீ சொல்லு."

வந்தான். மத்தியஸ்தம் என்றதும் பெரிய ஆள் மாதிரிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். "ஒருதரும் வாய் திறக்கப்படாது. விரலால எண்ணுங்கோ. பிள்ளை, நீங்கள் மூச்சுப் பிடிக்கப்படாது. பிடிச்சால் ஓட்டோவில ஏத்த மாட்டன். தொடங்கு!"

ஒரு நிமிடம். அடுப்பில் ஏதோ கருகுகிற மணம் வந்தது, ஒருவரும் அசையவில்லை.

"நிப்பாட்டு. அண்ணை?"

"ஐம்பத்தாறு."

"அக்கா?"

"இருபத்தெட்டு," என்றாள் தாட்சாயினி, வெற்றிக்கொடி நாட்டின குரலில்.

நிரஞ்சன் தலையைச் சொறிந்தான். "சரி பாதி. அக்கா, நான் உங்கட விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். வயிறு ஒருக்கா ஏறி இறங்குது, பிறகும் ஏறி இறங்குது, அதுக்குப் பிறகுதான் உங்கட ஒரு விரல் மடியுது."

"பின்ன எப்பிடி எண்ணுறது? ரெண்டு ரெண்டா எடுத்து..." என்று தொடங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தாட்சாயினி வீட்டில் நான்கு தலைமுறையாகக் கூரை வேயத் தென்னோலைக் கிடுகு பின்னி விற்கிறவர்கள். கிடுகை இரண்டு இரண்டாகத் தூக்கி வைத்துத்தான் எண்ணுவார்கள். ஒரு சோடிக்கு ஒரு எண். சோடி ஐம்பது என்றால் கிடுகு நூறு. அது அவளுடைய கையில் ஊறின கணக்கு. கையை மடக்கினால் தானாக வரும்.

"சோடியா எண்ணிப் போட்டன்," என்றாள். வேறு ஆருடையதோ குரல் மாதிரி இருந்தது. "காலமை பத்து மணியில இருந்து சோடியா எண்ணிக்கொண்டு..."

நான் பிள்ளையின் சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்து எழும்பியது. முதலாம் வரி, இரண்டாம் வரி, இரண்டும் இருக்கிறது. கதவைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

"நிரஞ்சன், எடடா ஓட்டோவை!"

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. தாட்சாயினி ஒரு காலில் தன்னுடைய செருப்பும் மற்றக் காலில் என்னுடைய செருப்புமாக ஏறினாள். நான் கொப்பியை எடுத்தேன், பம்ப்பை விட்டேன், பம்ப்புக்கு ஓடினேன், கொப்பியைக் குசினிக்குள் வைத்தேன், திரும்ப ஓடினேன். நிரஞ்சன் வளவுக்குள்ளேயே ஹோர்ன் அடித்து என் சொந்தக் கோழிகளைக் கலைத்தான். ஓட்டோ பாய்ந்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் நாலு பேரும் சேர்ந்து எழும்பினோம். தாட்சாயினி அந்தக் குலுக்கலிலும் பம்ப்பைக் குழாயில் பொருத்திப் பிள்ளையின் மூக்கும் வாயும் மூடப் பிடித்து அமத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பயம் கூடினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்து சிரித்து அடி வாங்கினவன் நான்.

"ஏன் சிரிக்கிறியள்?" என்று தாட்சாயினி அழுதுகொண்டு கேட்டாள்.

"தெரியேல்லையப்பா," என்றேன். "உம்மட செருப்பைப் பாரும்."

பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் போட்டாள். நிரஞ்சன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரையும் சேர்த்து வாட்டில போட வேண்டிவரும்" என்றான். றோட்டில் நின்ற மாட்டுக்கு வாயால் ஒரு பேச்சும் கையால் ஒரு ஹோர்னும் கொடுத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் துண்டு எழுதுகிற ஐயா எங்களைக் கண்டதும் பேனையை வைத்தார். வாய் காதுவரை போனது. "வாங்கோ பீற்றூட் அப்பா! இண்டைக்கு என்ன, கரட்டோ?"

தாட்சாயினி மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "ஐம்பத்தாறு!" என்றாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சோடியில்லை ஐயா! தனித்தனியா ஐம்பத்தாறு! குழியும் விழுது!"

சோடி என்னவென்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார். பல் உள்ளே போனது. துண்டு எழுதவே இல்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, பிள்ளையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு, "வழியை விடுங்கோ, வழியை விடுங்கோ" என்று அவரே உள்ளே ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

விரலில் ஒரு கௌவி போட்டார்கள். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். மருந்துப் புகை குபுகுபுவென்று வந்தது. கௌவியின் வயர் போன பெட்டியில் எண்பத்தொன்பது என்று சிவப்பாக எரிந்தது. அது இரத்தத்தில் உள்ள ஒட்சிசன், அந்த எண் ஏற வேண்டும் என்று தாதிப்பிள்ளை சொன்னா. நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண்பத்தொன்பது. எண்பத்தொன்பது. தொண்ணூறு. எண்பத்தெட்டு. என் வாழ்நாளில் எவ்வளவு மூட்டை எண்ணியிருப்பேன், ஒரு எண் கூட வேண்டுமென்று இப்படிக் காத்து நின்றது இல்லை. முதல் புகை முடிந்தது. இரண்டாவது வைத்தார்கள். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று.

"எப்ப தொடங்கினது?" என்று டொக்டரம்மா கேட்டா.

தாட்சாயினி ஒளிக்கவில்லை. கிடுகில் தொடங்கி, சோடியில் வந்து, பத்து மணி, மத்தியானம், நிரஞ்சனுடைய மத்தியஸ்தம் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டரம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டா. பிறகு ஏதோ எழுதுகிற மாதிரிச் சுவர்ப் பக்கம் திரும்பினா. தோள் இரண்டும் குலுங்கியது. சிரிக்க மாட்டன் என்று எங்களுக்குச் சொன்ன மனுசி அல்லவா, முகத்தைக் காட்டவில்லை.

திரும்பியபோது சிரிப்பு இல்லை. "இன்னும் ரெண்டு மணித்தியாலம் வீட்டில வைச்சிருந்தால்..." என்றா. "கணக்குப் பிழைக்கும் அம்மா. எண்ணின எண்ணை விடுங்கோ, பிள்ளையைப் பாருங்கோ. பிள்ளை கதைக்கிற விதம் மாறினாலே காணும். உங்களுக்குச் சோடியாத்தான் எண்ண வருமெண்டால், இருபது தாண்டினால் வெளிக்கிடுங்கோ."

"ஓம் டொக்டர்," என்று தாட்சாயினி, பாடமாக்குகிற பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

தொண்ணூற்றாறு என்று எண் பச்சையாக மாறினபோது அனோஜா மாஸ்க்கைக் கழற்றி எறிந்தாள். தாதிப்பிள்ளை திரும்பப் போட்டா. திரும்ப எறிந்தாள். "இந்தப் புகை எனக்கு வேண்டாம் நீங்கள் உங்கட மூக்கில வையுங்கோ!" என்றாள். ஒரே மூச்சில்! நடுவில் ஒரு துண்டும் இல்லாமல்! நான் நிலத்தில் குந்திவிட்டேன். குந்தியிருந்து சிரித்தேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயா, இது வாட்டு, கலியாண வீடில்லை," என்றா தாதிப்பிள்ளை. "அம்மா மட்டும் நிக்கலாம். நீங்கள் வெளியில நில்லுங்கோ."

இரண்டு நாள் மறிப்பார்களாம். மறிக்கட்டும். வெளியில் வந்து யன்னலுக்கு நேரே நின்றேன். காவலுக்கு நிற்கிறவர் முறைத்தார். நிரஞ்சன் ஓட்டோவில் சாய்ந்துகொண்டு பணிஸ் தின்றான். எனக்கும் பாதி தந்தான். மத்தியானம் இரண்டு வாய்ச் சோறு தின்ற வயிறு அதை எங்கே விழுங்கியது என்றே தெரியவில்லை.

நாலு மணிபோல் தாட்சாயினி யன்னலுக்கு வந்தாள். கையை உயர்த்தினாள். முதலில் மூன்று விரல். பிறகு இரண்டு. பிறகு, ஒரு விரலை மட்டும் நிமிர்த்தி, அதைத் தட்டித் தட்டிக் காட்டினாள். தனித்தனியாக எண்ணினது என்று அர்த்தம்.

"முப்பத்திரெண்டு!" என்று கத்தினேன்.

"என்ன முப்பத்திரெண்டு?" என்று காவலாளி வந்தார். "இஞ்ச சத்தம் போடேலாது."

"மூச்சு, ஐயா. நிமிசத்துக்கு. என்ரை பிள்ளைக்கு."

அவர் என்னைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். மெல்லத் தன் நெஞ்சில் கையை வைத்து, கைமணிக்கூட்டைத் திருப்பிப் பிடித்தார். நிரஞ்சனும் பணிஸைச் சீற்றில் வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்தான். நானும் வைத்தேன். நாலு மணி வெயிலில் ஆஸ்பத்திரிப் படலைக்குள் மூன்று ஆம்பிளையள் அவரவர் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றோம்.

"பதினெட்டு," என்றார் காவலாளி, கொஞ்சம் பெருமையாக.

"பதினாறு," என்றான் நிரஞ்சன். "உங்களுக்கு எத்தினை, அண்ணை?"

எனக்கு எண்ண வரவில்லை. சிரிப்பு விடவில்லை.