நாற்றக் கொடியின் பெயர்

மகள் மேக்னா கூப்பிட்டாளே என்று மொட்டை மாடிக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

வங்காளத்தில், பெஹாலாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மஹாதேவன், ரிட்டையர்டு பேங்க் ஆபீசர். மாடித் தொட்டிகளுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைக்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. நன்றாகப் படம் வரைகிறாள் என்று என் மகளைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு வங்காள மொழிதான் சரளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவர் தாளில் எழுதித் தந்ததை அப்படியே பார்த்துப் பலகையில் வரைந்திருக்கிறாள்.

கடைசித் தொட்டியில் காந்தால் கொடி. வயிற்றுக்கு நல்லதென்று வங்காளிகள் குழம்பு வைப்பார்கள். இலையைக் கசக்கினால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அதன் பலகையில் எங்கள் ஜாதிப் பெயரோடு ‘நாத்தம்’ என்று சேர்த்து எழுதியிருந்தது. சுற்றிலும் என் மகள் பச்சைப் பெயிண்டில் இலை போட்டிருந்தாள்.

“எங்க ஊர்ப்பக்கம் இதுக்கு அதான் பேரு” என்றார் மஹாதேவன். “அவா கிட்ட வந்தா அடிக்கிற வாடைதானே!” சிரிப்பு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். வீடு தரும்போது அவர் முதலில் கேட்டதே நாங்கள் என்ன ஆட்கள் என்றுதான். கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வேறொரு ஜாதியைச் சொல்லி வைத்தார். உண்மையைச் சொல்லிச் சொல்லி ஏற்கெனவே பல வீடுகள் கை நழுவியிருந்தன. மேக்னாவிடமும் மறைத்தோம், பிள்ளை நிமிர்ந்து நடக்கட்டுமே என்று. அவள் என்னடாவென்றால் தன் ஜாதியையே நாற்றத்துக்குப் பெயராக எழுதிவிட்டு, நான் பாராட்டுவேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பலகையைப் பிடுங்கி எறிந்தேன்.

“என்னம்மா இது? செடிப் பேருதானே!” என்றார். “அவாளே ஒண்ணும் சொல்ல மாட்டா. உங்களுக்கு என்ன வந்தது?”

“அவங்கள்ல ஒருத்திதான் சார் சொல்றேன்.”

அவர் முகம் மாறியது. ஓரடி தள்ளி நின்றுகொண்டார். “பொய் சொல்லின்னா உள்ள வந்திருக்கேள்!”

“நிஜத்தைச் சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாசமாய்ப் போக என்று மனதாரத் திட்டினேன். மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும், இவளுக்குப் பரீட்சை நேரத்தில்.

“மா, கீ ஹோலோ? என்னாச்சு? நான் தப்பா எழுதிட்டேனா?” மேக்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இல்லடி. அவர் குடுத்ததைத்தான் எழுதியிருக்க. அது நாமதான்.”

அவள் மெல்லத் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.