ராஜா தொட்ட கழுத்து

இங்கிலாந்தின் சோமர்செட் சீமையில் ஒரு கிராமத்துப் போதகர் ஆம்புரோஸுக்கு எப்போதும் ஒரே பல்லவிதான். ராஜாவை அபிஷேகம் பண்ணுகிறவர் கடவுள். அத்தாட்சி வேண்டுமா? ராஜாவின் கை பட்டால் கழுத்தில் வரும் கண்டமாலைக் கட்டி கரைந்துவிடும்.

அவருடைய மகள் லெட்டிஸின் கட்டி மட்டும் கரையவில்லை. லண்டனுக்குக் கூட்டிப்போய், பழைய ராஜா தொட்டு, தங்கக்காசைக் கழுத்தில் மாட்டிவிட்டு மூன்று வருஷமாயிற்று. விசுவாசம் போதவில்லை என்று போதகர் பிள்ளையைத்தான் கடிந்துகொண்டார்.

அந்த ராஜா கண்ணை மூடினார், தம்பி பட்டமேறினார். உடனே, "மகன் நானிருக்கச் சித்தப்பனுக்கு ஏது சிம்மாசனம்?" என்று, செத்த ராஜாவுக்கு முறைதவறிப் பிறந்த ஒருவன் படை திரட்டி வந்தான். பக்கத்து ஊரில் முகாமிட்டு, கண்டமாலைக்காரர்களையும் தொட்டான். போதகர் கோயிலில் அவனைச் சபித்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி டார்க்கஸ், வண்டிக்கார ஜேபஸைப் பிடித்து மகளை அங்கே கொண்டுபோய்விட்டாள்.

ஒரே மாதத்தில் கட்டி போன இடம் தெரியவில்லை.

"போயும் போயும் அந்தத் துரோகிகிட்டயா?"

"பெத்த வயிறுங்க. பிசாசு தொட்டாலும் கூட்டிட்டுப் போயிருப்பேன். உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?"

சந்தோஷம்தான். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பயம் பிறகுதான் வந்தது. கலகக்காரன் தோற்றுத் தலையை இழந்திருந்தான். அவனிடம் போய்வந்தவர்களைத் தூக்கில் போட நீதிபதி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்.

"உம்ம பொண்ணுக்குக் குணமாயிடுச்சாமே? யார் தொட்டது?" என்றார் நீதிபதி.

"காலமான நம்ம மகாராஜாதாங்கய்யா. மூணு வருஷம் முந்தி. கடவுள் கிருபை நிதானமாத்தான் வேலை செய்யும்."

"அப்படிப் போடும்! நாளைக்குத் தூக்குமேடையில நீரே பிரசங்கம் பண்ணும். பொண்ணையும் கூட்டிட்டு வாரும். எது ராஜ ரத்தம்னு ஜனங்க பாக்கட்டும்."

தூக்குக்கு நின்றவர்களில் ஜேபஸும் இருந்தான். முகாமுக்கு வண்டி ஓட்டிய குற்றம். யாரை ஏற்றிப்போனாய் என்று அடித்துக் கேட்டும் அவன் வாய் திறக்கவில்லையாம்.

போதகர் எப்போதையும்விட நன்றாகப் பேசினார். மகளின் கழுத்துத் துணியைத் தாமே விலக்கிக் காட்டினார். கூட்டம் "ஆமென்" என்றது.

ஜேபஸ் கயிற்றுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சுத்தமா ஆறிடுச்சே பாப்பா! இப்ப வலிக்குதா?"

லெட்டிஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். போதகர் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ராஜாவின் தீர்க்காயுசுக்கான ஜெபத்தைத் தொண்டை கிழியத் தொடங்கினார்.