மூன்று நிமிட வெந்நீர்

கீசரில் எண்பது லிட்டர் பிடிக்கும் என்று விற்றவன் சொன்னான். விற்பவன் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன். பாதி என்றாலும் நாற்பது லிட்டர். எங்கள் வீட்டு ஷவரிலோ மூன்று நிமிடம் வெந்நீர் வரும்; பிறகு பனி உருகி வரும் நாரின் ஆற்றையே தலையில் திருப்பிவிட்ட மாதிரி இருக்கும்.

மருமகள் சைகாலுக்கு இடுப்பு வரை முடி. வெந்நீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் படிப்பா வேண்டும்? அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றேன். அவள்தான் வெந்நீரைக் காலி பண்ணுகிறாள் என்று பக்கத்து வீட்டிலும் சொன்னேன். ஒரு மாதம் பொறுத்தவள் திங்கட்கிழமை காலையில் பையைக் கட்டிவிட்டாள்.

"மத்தியானம் அண்ணன் கார் எடுத்துட்டு வரான் மாமா. அதுக்குள்ள ப்ளம்பர் வந்து பாக்கணும். தப்பு என் மேலன்னா அம்மா வீட்டுக்குப் போயிடறேன். மெஷின் மேலன்னா நீங்களே அண்ணன்கிட்ட சொல்லணும்."

என் மகன் மக்சாத் ரொட்டியை மென்றபடி சுவரைப் பார்த்தான். அவனுக்கு அதுதான் வரும்.

ஒரோஸ் என்ற ப்ளம்பர் வந்தான். பூட்ஸைக் கழற்றுவதற்குள் "கீசர் செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்பான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஷவரைத் திறந்துவிட்டு, கீசருக்கு அடியில் இருந்த இரண்டு குழாய்களையும் குதிரைப்பால் கறப்பவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

"பெரியவரே, யாரு இதை மாட்டினது?"

"நான்தான். உன்ன மாதிரி ஆளுங்கள வீட்டுக்குள்ள விடக் கூடாதுன்னுதான்."

"நல்லா இறுக்கமா மாட்டியிருக்கீங்க. ஆனா மாத்தி மாட்டியிருக்கீங்க. இந்தச் சிவப்பு வளையம் சுடுதண்ணி வெளிய வர்ற வழி. உள்ள அந்தக் குழாய் உச்சி வரைக்கும் நிக்கும். நீங்க அதுல பச்சத்தண்ணிய விட்டிருக்கீங்க. அது நேரா சூடான தண்ணி மேல கொட்டுது. நீங்க அடித்தண்ணிய எடுத்துக் குளிக்கிறீங்க."

"காகிதத்துல போட்டிருந்தபடிதான் மாட்டினேன்."

காகிதம் ரஷ்ய மொழியில் இருந்தது. அந்த மொழியில் எனக்கு வசவு மட்டும்தான் தெரியும். மாட்டும்போது சைகால்தான் அதைப் பார்த்து எங்கள் பேச்சில் சொன்னாள் என்றேன்.

"தங்கச்சி, அன்னைக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு" என்றான் ஒரோஸ்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சிவப்பு வளையத்துல... உங்க தண்ணி, மாமா."

என் பெயர் கைனார். எங்கள் மொழியில் கொதிப்பது என்று அர்த்தம். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தச் சாயல் உள்ள வார்த்தையையும் சொல்ல மாட்டாள். கெட்டில் கொதித்தால்கூட சைகால் "உங்க பேரு வந்துடுச்சு மாமா" என்பாள். ஆனால் முற்றத்தில் கிணறு தோண்டியவன் நான். அவள் சொன்னது கொதிக்கும் தண்ணீரை; என் தண்ணீர் என்றால் எனக்கு அந்தக் கிணற்றின் பச்சைத் தண்ணீர்தான். அடுத்த வரியை அவள் சொல்வதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

ஒரோஸ் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "முப்பது வருஷமா குழாய் பாக்கறேன். மரியாதையால கெட்டுப்போன கீசர இப்பதான் பாக்கறேன்."

சைகால் சிரிக்கவில்லை. "அப்ப தண்ணிய நான் காலி பண்ணல, இல்லையா மாமா?"

"நீ சொன்ன விதம் தப்பு."

"நீங்க கேட்ட விதம்?"

"அப்பா, போதும்" என்றான் மக்சாத். சுவரை விட்டு அன்றுதான் கண்ணை எடுத்தான்.

ஒரோஸ் குழாய்களை மாற்றினான். அவன் போன பிறகு ஒவ்வொரு நட்டையும் நான் ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன். தண்ணீர் சூடானதும் சைகால் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பை வாசலிலேயே இருந்தது.

கார் வந்து நின்றது. அவள் அண்ணன் ஜெனிஷ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பையைத் தூக்கினான்.

"கீழ வை. அவ குளிக்கிறா" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முடி நீளம். ஆகும்." பிறகு சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "குழாய நான்தான் மாத்தி மாட்டிட்டேன். பழிய அவ மேல போட்டேன்."

எனக்கு உடம்பு சரியில்லையோ என்பது போல அவன் மக்சாத்தைப் பார்த்தான். மக்சாத் அவனுக்கு டீ ஊற்றினான். ஐந்தாவது கிண்ணம் வரைக்கும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவிடுக்கில் ஆவி வந்தது. ஜெனிஷ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.